வயல் வேலைக்கு வரும் பதின்வயதுப் பிள்ளைகள்: கவனிக்க வேண்டியவை

பள்ளி விடுமுறை விட்டதும் பத்தாவது, பதினொன்றாவது படிக்கும் பிள்ளைகள் வயல் வேலைக்கு வருவது நம் ஊர்களில் வழக்கம். பார்வைக்குப் பெரியவர்களைப் போல இருந்தாலும், அவர்களுக்கு உடலும் அனுபவமும் இன்னும் முதிரவில்லை. எந்த வேலையைக் கொடுப்பது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

சட்டம்

14 வயது நிறையாதவர்களைக் கூலிக்கு அமர்த்துவது 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி குற்றம். 18 வயது நிறையாதவர்கள் பொதுச் சாலையில் டிராக்டர் ஓட்டக் கூடாது.

பூச்சிக்கொல்லி

மருந்து கலக்கவோ, தெளிக்கவோ, காலி டப்பாக்களைக் கழுவவோ பிள்ளைகளை விடாதீர்கள். மருந்து அடித்த வயலில் உடனே களை எடுக்கவும் அனுப்பாதீர்கள். டப்பாவில் உள்ள முக்கோணத்தில் சிவப்பு மிகக் கடும் நஞ்சையும், மஞ்சள் கடும் நஞ்சையும், நீலம் மிதமான நஞ்சையும் குறிக்கும். பச்சை என்றால் நஞ்சு குறைவு என்றுதான் பொருள்; நஞ்சே இல்லை என்று பொருள் அல்ல.

தலைவலி, வாந்தி, அதிக வியர்வை, எச்சில் ஊறுதல், பார்வை மங்குதல் ஆகியவை நஞ்சின் அறிகுறிகளாக இருக்கலாம். இதை வெயில் மயக்கம் என்று நினைத்து, மோர் கொடுத்து நிழலில் உட்கார வைத்துவிடாதீர்கள். நனைந்த உடையைக் கழற்றி, சோப்புப் போட்டு உடலைக் கழுவி, 108க்கு அழையுங்கள். மருந்தின் லேபிளையும் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

இயந்திரங்கள்

டிராக்டரின் பி.டி.ஓ. தண்டு பொதுவாக நிமிடத்துக்கு 540 முறை, அதாவது நொடிக்கு 9 முறை சுழலும். துண்டோ, துப்பட்டாவோ, சடையோ சிக்கினால் இழுத்துக்கொள்ள நேரமிருக்காது. தண்டுக்கு மூடி போடுங்கள். கதிரடிக்கும் இயந்திரம், தீவனம் நறுக்கும் இயந்திரம் ஆகியவற்றில் பிள்ளைகளைத் தீனி போட விடாதீர்கள். டிராக்டர் மட்கார்டில் உட்காரவும் அனுமதிக்காதீர்கள்.

வெயிலும் பாம்பும்

நண்பகல் 12 முதல் 3 மணி வரை ஓய்வு கொடுங்கள். தாகம் எடுக்கும் வரை காத்திராமல் அடிக்கடி தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். பாம்பு கடித்தால் கீறவோ, இறுகக் கட்டவோ வேண்டாம். கடிபட்ட கை, காலை அசைக்காமல் வைத்து, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

கொடுக்கக்கூடிய வேலைகள்

காய்கறி பறித்தல், தரம் பிரித்தல், விதை நேர்த்தி செய்யாத விதைகளை நடுதல், வரவு செலவுக் கணக்கு எழுதுதல் போன்றவற்றை உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். அதுவும் பெரியவர் ஒருவரின் பார்வையில் இருக்கட்டும். பள்ளி திறந்ததும் படிப்புக்கே முதலிடம் கொடுங்கள்.