சோழவரம்: ஸ்பிரிங் வெட்டிய காலம்

சோழவரம் என்றால் இன்று பலருக்கும் ஏரிதான் நினைவுக்கு வரும். சென்னைக்கு வடக்கே ஜி.என்.டி. சாலையை ஒட்டி, இரண்டாம் உலகப்போரின்போது ராணுவ விமானங்களுக்காக அங்கே ஓர் ஓடுபாதை போட்டார்கள். போர் முடிந்தபின் அதுவே கார் பந்தயத் திடலானது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953இல் தொடங்கியது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் தடம் வரும்வரை மெட்ராஸ்காரர்களுக்குப் பந்தயம் என்றால் சோழவரம்தான். அதைப் பற்றி எழுதுகிறவர்கள் ஓட்டுநர்களை எழுதுகிறார்கள். விஜய் மல்லையா கொண்டுவந்து ஓட்டிய என்ஸைன் ஃபார்முலா ஒன் காரை எழுதுகிறார்கள். அந்தக் கார்களின் அடியில் படுத்து வேலை பார்த்தவர்களைப் பற்றி யாரும் எழுதக் காணோம். என் பெரியப்பா அவர்களில் ஒருவர்.

பெரியப்பா ஐ.சி.எஃப்.பில் டர்னர். அயனாவரத்து வீட்டுப் பின்கட்டில் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை. ஒரு வக்கீலின் ஸ்டாண்டர்டு ஹெரால்டைப் பந்தயத்துக்குத் தயார் செய்வது அவருடைய ஞாயிற்றுக்கிழமை வேலை. அப்போது பெரும்பாலானோர் வாங்கக்கூடிய கார்கள் மூன்றுதான்: அம்பாசடர், ஃபியட், நம் பெருங்களத்தூர்ப் பக்கம் செய்த ஹெரால்டு. வெளிநாட்டுச் சாமானுக்கு லைசென்ஸ், சுங்கம் என்று ஆயிரம் தடை. பந்தயக்காரருக்கும் பழைய உதிரி விற்கும் புதுப்பேட்டைதான் கதி.

மூன்றில் ஹெரால்டு தனி ரகம். அம்பாசடருக்கு முன்னால் டார்ஷன் பார். ஃபியட்டுக்குக் காயில் ஸ்பிரிங். இரண்டுக்கும் பின்னால் பட்டை ஸ்பிரிங். ஹெரால்டின் முன்சக்கரங்களிலோ ஷாக் அப்சார்பரைச் சுற்றியே காயில் ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கும். மேலே மூன்று நட்டு, கீழே ஒரு போல்ட்டு. கழற்றினால் ஒரே உருப்படியாகக் கைக்கு வரும். இன்று காயில்ஓவர் என்று பெட்டியில் வைத்து விற்பதன் அடிப்படையும் இதுதான். 1961 முதல் ஹெரால்டு நம் ஊரில் செய்யப்பட்டது என்பதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் பெருமைதான். மூல வண்டியை இங்கிலாந்தில் டிரையம்ஃப் 1959இல் வெளியிட்டது. சக்கரத்தைத் தாங்கும் அந்த டிரையம்ஃப் குடும்பத்து அப்ரைட்டைத்தான் லோட்டஸ் செவன் போன்ற கார்களும் முன்சக்கரத்துக்கு எடுத்துக்கொண்டன. வரியை மிச்சம் பிடிக்க அந்த லோட்டஸை உதிரியாக வாங்கி, தங்கள் வீட்டுக் கொட்டகையில் பூட்டிக்கொண்டார்கள் அந்த ஊர்க்காரர்கள்.

ஹெரால்டின் பானெட் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாகச் சாயும். டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். ஸ்பிரிங்கை அமுக்கத் தனிக் கருவி கிடையாது. இரண்டு தகடு, நீளமான போல்ட்டுகள், அவ்வளவுதான். அமுக்கிய ஸ்பிரிங்குக்கு நேரே எவரையும் நிற்க விடமாட்டார் பெரியப்பா. "எதிர்ல நிக்காதடா, தெறிச்சா தலை போயிடும்" என்பார்.

வண்டியைத் தாழ்த்த அன்று எல்லோருக்கும் தெரிந்த வழி ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டுவது. வெட்டினால் வண்டி தாழும், மிச்சமுள்ள ஸ்பிரிங் விறைக்கும். ஆனால் ஷாக் அப்சார்பரின் நீளம் பழையதே. தண்டுக்கு மேலே போக இடம் குறைந்து, பள்ளத்தில் அடி தட்டும். சக்கரம் தொங்கும்போதோ ஸ்பிரிங் தன் இருக்கையில் தளர்ந்துவிடும். கேஸ் கட்டிங்கில் வெட்டினால் சூடு பட்ட இடம் பதம் இழக்கும். எல்லாவற்றுக்கும் மேல், வெட்டியதை ஒட்ட முடியாது.

இதனால்தான் பெரியப்பா லேத்துக்குப் போனார். இரும்புக் குழாய் ஒன்றை உள்விட்டம் பார்த்துக் கடைந்து, வெளியே மரை போட்டு, ஷாக் அப்சார்பரின் உடம்பில் செருகினார். மரையில் ஏறி இறங்க இரண்டு வளைய நட்டு: ஒன்று ஸ்பிரிங்கைத் தாங்க, இன்னொன்று அதைப் பூட்ட. வெட்டத் தேவையில்லை, திருகினால் உயரும், திருப்பினால் தாழும்.

பின்பக்கம் வேறு கதை. அங்கே குறுக்காக ஒரே பட்டை, இரண்டு பக்கமும் ஆடும் அச்சு. வளைவில் திடீரென்று ஆக்ஸிலேட்டரை விட்டால் பின்பக்கம் எழும்பி, சக்கரம் உள்ளே மடங்கும், வண்டி சுழன்றுவிடும். கொல்லுப்பட்டறையில் அந்தப் பட்டையின் வளைவைக் குறைத்து, சக்கரத்தின் மேல்முனை சற்று உள்ளே சாய்ந்திருக்கும்படி செய்வார்கள். அரிவாளுக்கு லாரிப் பட்டையை அடித்துப் பழகிய கைகளுக்கு இது பெரிய விஷயமில்லை. 1970களில் வந்த ஸ்டாண்டர்டு கஸெல் காரில் அந்த ஆடும் அச்சையே எடுத்துவிட்டு ஒரே நேரான அச்சைப் போட்டது கம்பெனி.

1983இல் மாருதி 800 வந்தது. முன்னால் ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் ஒன்றாக வரும் மெக்ஃபர்ஸன் ஸ்ட்ரட். கோவையில் எஸ். கரிவர்தன் அந்த எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற பந்தயக் காரைச் செய்தார். நாராயண் கார்த்திகேயன் ஓட்டிப் பழகியது அதில்தான். 1988இல் ஸ்டாண்டர்டின் பெருங்களத்தூர் ஆலை நின்றது. 1991க்குப் பிறகு இறக்குமதி இளகி, வெளிநாட்டுச் சாமானும் கிடைக்கத் தொடங்கியது.

இப்போது என் வீட்டுப் போர்ட்டிகோவில் தடத்துக்கென்று நான் வைத்திருக்கும் வண்டிக்குக் காயில்ஓவர் பூட்டும்போது லேத்து வேலை இல்லை. ஜாக்கி ஸ்டாண்டில் ஏற்றி, ஸ்ட்ரட்டிலிருந்து பிரேக் ஹோஸை விடுவித்து, கீழே இரண்டு போல்ட்டையும் மேலே உள்ள நட்டுகளையும் கழற்றினால் ஸ்ட்ரட் வெளியே வந்துவிடும். கூடவே வருகிற கொக்கி ஸ்பேனரால் வளைய நட்டைத் திருகலாம். உடம்பும் தண்டும் குட்டையாகவே செய்யப்பட்டிருப்பதால் அடி தட்டும் தொல்லையும் குறைவு. மாறாதது ஒன்று உண்டு. ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கக் கூடாது. இறுக்கினால், வண்டி தரையில் உட்காரும்போது ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். கையால் மட்டும் மாட்டி, வண்டியைத் தரையிறக்கி, எடை முழுக்கச் சக்கரத்தில் நிற்கும்போதுதான் முறுக்க வேண்டும். "முதல்ல கீழ இறக்கு, அப்புறம் முறுக்கு" என்று பெரியப்பா ஹெரால்டுக்குச் சொன்ன அதே பாடம். அலைன்மென்ட் பார்ப்பதும் அதற்குப் பிறகுதான். சாலையில் ஓட்டும் வண்டியில் இதைச் செய்ய நினைப்பவர்கள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை முதலில் படித்துவிடுங்கள்.

சோழவரத்துக் கோப்பைகள் பத்திரமாக இருக்கின்றன. இந்தக் கைவேலைகள்தான் எடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. உங்கள் வீட்டுப் பரணில் மரை போட்ட குழாயோ, ஸ்பிரிங் அளவு குறித்த நோட்டோ கிடந்தால் தயவுசெய்து புதுப்பேட்டைக்கு அனுப்பாதீர்கள். எந்த வண்டி, எந்த வருடம், யார் செய்தது என்று எழுதி வையுங்கள். செய்தவர்கள் உயிரோடு இருந்தால் இந்த வாரமே போய்க் கேளுங்கள்.