எங்களை லயத்தில் குடிவைத்த பூஞ்சை

திருப்பூருக்கு எப்படி வந்தீர்கள் என்று கேட்டால் எங்கள் வீட்டில் "சாஸ்திரி ஒப்பந்தத்துல வந்தோம்" என்று முடித்துவிடுவார்கள். அப்பத்தா இலங்கையில் பதுளைப் பக்கம் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்து, தலைமன்னாரில் கப்பலேறி வந்தவள். 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் எங்களைப் போன்ற இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று எழுதிக்கொண்டது நிஜம்தான். ஆனால் நான் கணக்கை 1869-இல் தொடங்குவேன்.

அந்த வருஷம் இலங்கையின் காப்பித் தோட்டங்களில் இலைக்கடியில் ஆரஞ்சுப் பொடி கண்டது. பேராதனைத் தாவரவியல் தோட்டத்து த்வெயிட்ஸ் அனுப்பிய இலைகளைப் பார்த்து, இங்கிலாந்தில் பூஞ்சை ஆய்வாளர் பெர்க்லி அதற்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார். துரைமார் மழையைத் திட்டினார்கள், மண்ணைத் திட்டினார்கள். 1880-இல் வந்த மார்ஷல் வார்ட் என்ற இளைஞர்தான், காற்றில் வரும் பூஞ்சை வித்து இலை ஈரத்தில் முளைத்து, இலையின் அடிப்பக்கத் துளை வழியே உள்ளே நுழைவதைக் காட்டினார். காட்டை மொட்டையடித்து மலை மலையாக ஒரே பயிர் வைத்த இடத்தில் காற்றுக்குத் தடை ஏது? அடுத்த சில வருஷங்களில் காப்பி போய் மலையெல்லாம் தேயிலை ஆயிற்று.

காப்பிக் காலத்தில் எங்கள் ஆட்கள் பழம் பறிக்க மட்டும் போனார்கள். மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழி நடை. காய்ச்சலில் விழுந்தவர்களுக்கு விழுந்த இடமே காடு. பிழைத்தவர்கள் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பிவிடுவார்கள். தேயிலை அப்படி விடாது. கொழுந்து வருஷம் முழுக்கத் துளிர்க்கும், காலையில் ஆளெண்ணி வேலை பிரிக்கிற பெரட்டுக்கும் வருஷம் முழுக்க ஆள் வேண்டும். குடும்பம் குடும்பமாக லயத்தில் குடிவைத்தார்கள். அப்படி வேர்விட்டவர்களின் குடியுரிமைதான் 1948-இல் பறிபோனது. பூஞ்சை வராதிருந்தால் அப்பத்தா எங்கள் பூர்வீகமான ராசிபுரம் பக்கமே பிறந்திருப்பாள் என்பது என் கட்சி.

இப்போது எதற்கெடுத்தாலும் பருவநிலை மாற்றம் என்கிறார்கள். உண்மைதான், ஆனால் பாதி. 2012-இல் மத்திய அமெரிக்காவில் இதே பூஞ்சை தரும் துருநோய் வெடித்தபோது, பகல் வெப்பத்துக்கும் இரவு வெப்பத்துக்குமான இடைவெளி குறுகியதால் பூஞ்சை சீக்கிரம் முற்றியது என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். காப்பி விலை விழுந்ததால் விவசாயிகள் தோட்டப் பராமரிப்பைக் குறைத்திருந்ததையும் சேர்த்தே எழுதினார்கள்.

தாண்டிக்குடியில் மச்சான் ஒரு காப்பித் தோட்டத்தைக் குத்தகைக்குப் பார்க்கிறார். போனபோது ஓர் இலையைப் பறித்துத் திருப்பிக் காட்டினார். மேலே மஞ்சள் பொட்டு, கீழே விரலில் ஒட்டும் பொடி. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையை மழை பிடிக்கும் முன்பே இலைக்கடியில் படும்படி அடிக்க வேண்டும். "மழை எப்போ பிடிக்கும்னு இப்ப யாருக்குத் தெரியுது மாப்ளே? அடிச்ச அன்னிக்கே கொட்டுது" என்றார். இலங்கைத் துரைமார் போல் அவர் மரத்தையெல்லாம் வெட்டிவிடவில்லை. பலா நிற்கிறது, சில்வர் ஓக்கில் மிளகு ஏறியிருக்கிறது. இரண்டாம் தடவை அடிக்கத்தான் ஆளில்லை. அடிக்க வேண்டிய பையன்கள் இங்கே திருப்பூரில் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த வருஷம் மேல்பாத்தியை விட்டுவிட்டு, வண்டி போகிற பக்கம் மட்டும் மறுபடி அடித்திருக்கிறார்.