சென்னையில் பப் ஏன் ஓட்டலுக்குள்ளேயே இருக்கிறது?

பெங்களூரிலிருந்து எங்கள் டீமுக்கு மாற்றலாகி வந்த ஒரு பையன் கேட்ட கேள்வி இது. அவன் ஊரில் சர்ச் ஸ்ட்ரீட்டில் நடந்தால் வாசலிலிருந்தே பப் தெரியும். இங்கே ராயப்பேட்டை, ஆழ்வார்பேட்டை, தி.நகர் எங்கே போனாலும் முதலில் ஒரு ஓட்டல் லாபி, ரிசப்ஷன், லிஃப்ட், அதற்குப் பிறகுதான் சத்தமும் விளக்கும். பில் வந்ததும் அவனுடைய அடுத்த கேள்வி: "அண்ணா, ஏன் இவ்வளவு காஸ்ட்லி?"

"லைசென்ஸ் அப்படி" என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். ஆனால் அந்த லைசென்ஸ் ஏன் அப்படி என்று பின்னாடியே போனால், 1937 வரைக்கும் போகவேண்டியிருக்கிறது. கூடவே போதைப்பொருள் வேட்டையும் வந்து ஒட்டிக்கொள்கிறது.

முதலில் ஒரு சின்ன வேடிக்கை. தமிழ்நாட்டில் பாருக்கு லைசென்ஸ் கொடுக்கும் துறையின் பெயர் என்ன தெரியுமா? மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை. விலக்குவதும் அதுதான், வரி வாங்குவதும் அதுதான். இதைக் கிண்டல் பண்ணி நிறைய ஜோக் வந்தாச்சு. ஆனால் சட்டப்படி அந்தப் பெயரில் தப்பே இல்லை. ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்தபோது (அப்போது முதல்வரை அப்படித்தான் சொல்வார்கள்) கொண்டுவந்த 1937ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. அதன்படி மது தயாரிப்பது, விற்பது, வைத்திருப்பது, குடிப்பது எல்லாமே குற்றம். நாம் கடையில் பார்ப்பதெல்லாம் அந்தச் சட்டம் கொடுத்திருக்கும் விதிவிலக்கு. எங்கள் பாஷையில் சொன்னால், டிஃபால்ட் 'டினை', அதற்கு மேலே ஒரு நீளமான எக்ஸப்ஷன் லிஸ்ட்.

சென்னையின் இரவு முழுக்க அந்த லிஸ்டுக்குள்தான் வளர்ந்தது.

மதுவிலக்கு ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜியின் சொந்த ஜில்லாவான சேலத்தில் ஆரம்பம். பிறகு சித்தூர், கடப்பா, வட ஆற்காடு. 1939ல் காங்கிரஸ் மந்திரிசபை ராஜினாமா செய்தது, யுத்த காலத்தில் விஷயம் தளர்ந்துபோனது. திரும்ப 1946ல் எட்டு ஜில்லாக்கள். ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் காலத்தில், 1948 அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி அன்று, மாகாணம் முழுக்க. அதே வருஷம்தான் ஜெமினியின் 'சந்திரலேகா' வந்தது. ஏன் சொல்கிறேன் என்றால், அந்த ஜெமினி ஸ்டூடியோ இருந்த இடத்தில்தான் 2002ல் தி பார்க் ஓட்டல் வந்தது, அதற்குள் பாஷா என்ற டான்ஸ் கிளப்பும் வந்தது. இந்த ஊரில் நிலத்தின் நினைவாற்றல் கொஞ்சம் வேடிக்கையானது.

சரி, பணத்துக்கு வருவோம். 1930களில் சென்னை மாகாணத்தின் வருமானத்தில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு கள்ளு, சாராயக் குத்தகைகளிலிருந்து வந்துகொண்டிருந்தது. அதை மூடினால் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் பணம் எங்கே? ராஜாஜி கண்டுபிடித்த வழி, 1939ல் பொது விற்பனை வரி. இந்தியாவில் பொருள்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாகப் போட்ட முதல் விற்பனை வரி அதுதான். பிறகு எல்லா மாகாணங்களும் அதைப் பார்த்துப் போட்டுக்கொண்டன. அது வளர்ந்து வாட் ஆனது, வாட் பெரும்பாலும் ஜிஎஸ்டியில் கரைந்தது. ஆனால் மனிதர் குடிக்கும் மது மட்டும் ஜிஎஸ்டிக்கு வெளியே நிற்கிறது, அதற்கு இன்றும் வாட்தான். அதாவது, மது வருமானம் வேண்டாம் என்று சொல்வதற்காகப் பிறந்த வரியின் நேரடி வாரிசு, இன்று டாஸ்மாக் வருமானத்தின் பெரிய பகுதி! நான் படித்த வரைக்கும் தமிழ்நாட்டு வரலாற்றில் இதைவிட நல்ல முரண் கிடையாது.

இப்போது எக்ஸப்ஷன் லிஸ்ட். மதுவிலக்கு அமலில் இருந்த இருபத்துச் சொச்சம் வருஷமும் சென்னையில் யாரும் குடிக்கவில்லையா? குடித்தார்கள். வெளிநாட்டுக்காரர்களுக்கு பெர்மிட். டாக்டர் சர்டிபிகேட் காட்டினால் நம்மவருக்கும் பெர்மிட், மாதம் இத்தனை யூனிட் என்று கணக்கு. பணமும் தொடர்பும் இருந்தவருக்கு இரவு மூடவே இல்லை, ஒரு காகிதம் கூடுதலாகத் தேவைப்பட்டது, அவ்வளவுதான். காசு கொஞ்சம் இருந்தவர்களுக்குப் பாண்டிச்சேரி. 1954 நவம்பர் வரை பிரெஞ்சுக்காரர்கள் கையில், அதன் பிறகும் நம் சட்டம் எட்டாத இடம், 150 கிலோமீட்டர்தான். மற்ற ஊர்க்காரர்களுக்குக் கொண்டாட்டத் தீவு என்றால் ஐபிசா, பாலி. நமக்குத் தீவு பாண்டிதான், சுற்றிலும் கடலுக்குப் பதிலாக செக்போஸ்ட்.

காகிதமும் இல்லை, பஸ் காசும் இல்லை என்றால்? மருந்துக்கடையில் இஞ்சி டிங்சர், சுவர்முட்டி என்று செல்லப்பெயர் வைத்த கள்ளச்சாராயம். 1970களில் வார்னிஷும் தின்னரும். ஃபிரெஞ்சு பாலிஷ் என்று மரச்சாமானுக்குப் பூசுவதை வடிகட்டிக் குடித்துச் செத்தவர்களும் கண் போனவர்களும் உண்டு. இதில் ரசாயனம் சுலபம்: தொழிற்சாலைக்குப் போகும் மெத்தனாலுக்குக் குடிக்கும் மதுவின் வரி கிடையாது, அதனால் மலிவு. உடம்புக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறும், முதலில் பார்வை நரம்பைத் தாக்கும். குடிப்பவருக்கு வாசனையில் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. விலை வித்தியாசம் மட்டும் நன்றாகத் தெரியும்.

1971 ஜூலையில், கருணாநிதி அரசு மதுவிலக்கைத் தளர்த்தப் போகிறது என்ற செய்தி. ராஜாஜிக்கு அப்போது 92 வயது. தி.நகர் பஸ்லுல்லா ரோடு வீட்டிலிருந்து கோபாலபுரம் வரைக்கும் மழையில் போய், முதல்வரை நேரில் பார்த்து வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். மூணு கிலோமீட்டர் தூரம் இருக்கும். அரசு கேட்கவில்லை, ஆகஸ்ட் 30 முதல் தளர்வு. 1974ல் அதே அரசே திரும்ப மூடியது. 1981ல் எம்.ஜி.ஆர். திறந்தார். 1987ல் கள்ளு போனது, அது இன்றுவரை திரும்பவில்லை. இந்தத் திறப்பு, மூடல் பட்டியலை யாராவது விக்கிப்பீடியாவில் பார்த்துக்கொள்ளுங்கள், எனக்கு முக்கியமானது 1981ல் வந்த லைசென்ஸ் விதிகள்.

அந்த விதிகளில் எஃப்.எல்.2 என்றால் கிளப், அதாவது நாம் போர்டில் பார்க்கும் 'மனமகிழ் மன்றம்'. எஃப்.எல்.3 என்றால் ஓட்டல், அதுவும் நட்சத்திர ஓட்டல். தனியாக ஒரு கட்டடம் எடுத்து, மேசை போட்டு, பாட்டுப் போட்டு நடத்தும் பப்புக்குத் தனி வகையே இல்லை. பழைய பெர்மிட் காலத்து லாஜிக் அப்படியே தொடர்கிறது: வெளிநாட்டுக்காரர் தங்கும் இடம், கனவான்கள் கூடும் இடம், இரண்டுக்கும் விலக்கு. மற்றவர்களுக்குக் கடை.

பையனுக்கு நான் சொன்ன பதில் இதுதான். சென்னையில் பப் நடத்த முதலில் நீங்கள் ஓட்டல் நடத்தவேண்டும். அறைகள் வேண்டும், நட்சத்திரம் வேண்டும், அதற்கான நிலம் தி.நகரிலோ ஆழ்வார்பேட்டையிலோ வேண்டும், வருஷா வருஷம் லைசென்ஸ் கட்டணம் வேண்டும். சரக்கை டாஸ்மாக்கிடம்தான் வாங்கவேண்டும், 1983லிருந்து மொத்த வியாபாரம் அதன் ஏகபோகம். 2003 நவம்பரிலிருந்து சில்லறையும் அதற்கே. இத்தனையும் சேர்ந்துதான் அந்தக் கிளாஸின் விலை. தி.நகர் ரெசிடென்சி டவர்ஸின் பைக் அண்ட் பேரல், கென்சஸ் இன்னில் இருந்த டென் டவுனிங் ஸ்ட்ரீட், டி.டி.கே. சாலையில் பார்க் ஷெரட்டனின் டப்ளின் என்று எங்கள் தலைமுறை ஞாபகம் வைத்திருப்பதெல்லாம் ஓட்டல் பெயரோடுதான் ஞாபகம் இருக்கும். பார்க் ஷெரட்டன் பல பெயர் மாறி கிரவுன் பிளாசாவாக 2023 டிசம்பரில் மூடப்பட்டது. கூடவே அதற்குள் இருந்த பார்களும் போயின. ஓட்டல் போனால் பார் போகும், அதுதான் விதி.

2017ல் இது இன்னும் பச்சையாகத் தெரிந்தது. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மது கூடாது என்று உச்சநீதிமன்றம் சொன்னதும், ஏப்ரல் 1 அன்று மூவாயிரத்துக்கும் மேற்பட்ட டாஸ்மாக் கடைகளோடு, நெடுஞ்சாலை ஓரத்து நட்சத்திர ஓட்டல் பார்களும் மூடின. நகராட்சி எல்லைக்குள் அந்தத் தடை இல்லை என்று ஜூலையில் நீதிமன்றமே விளக்கியபிறகு உயிர் வந்தது. 2023ல் எஃப்.எல்.12 என்று ஒரு சிறப்பு லைசென்ஸ், கல்யாண மண்டபத்திலும் விளையாட்டரங்கத்திலும் பரிமாறலாம் என்று அறிவிப்பு. எதிர்ப்பு கிளம்பியதும் கல்யாண மண்டபம் மட்டும் லிஸ்டிலிருந்து நீக்கம். லிஸ்டில் ஒரு வரி கூட்டு, ஒரு வரி கழி. 1937லிருந்து இதே வேலைதான்.

இனி போதைப்பொருள். வெள்ளைக்காரன் காலத்தில் கள்ளு, சாராயம், அபின், கஞ்சா நாலும் ஆப்காரி என்ற ஒரே இலாகாவின் கணக்குப் புத்தகத்தில் இருந்தன. 1893-94ல் கஞ்சா பற்றி விசாரிக்க ஒரு கமிஷனே போட்டு, மிதமான உபயோகத்தால் பெரிய கேடில்லை, முழுத் தடை வேண்டாம் என்று முடிவு சொன்னார்கள். (அவர்களுக்கு வருமானம் முக்கியம் என்பதையும் சேர்த்துப் படிக்கவேண்டும்.) 1985 நவம்பரில் என்.டி.பி.எஸ். சட்டம் அமலுக்கு வந்தது, கஞ்சாவும் ஹெராயினும் அதற்குள். 2001க்குப் பிறகு தண்டனை எடையைப் பொறுத்தது. கஞ்சாவில் 1 கிலோ வரை சிறு அளவு, கொகெய்னில் 2 கிராம் வரை.

இங்கே என் தொழில் உதவுகிறது. பேண்ட்விட்த் குறைந்தால் நாம் என்ன செய்வோம்? ஃபைலை ஜிப் பண்ணுவோம். கடத்துபவரும் அதையேதான் செய்கிறார். சோதனை கடுமையானால், நாற்றம் அடிக்கும் பெரிய மூட்டையைவிடச் சட்டைப்பைக்குள் போகும் வீரியமான தூள் லாபம். ரிச்சர்ட் கவன் என்ற அமெரிக்கர் 1986ல் இதற்குத் 'தடையின் இரும்பு விதி' என்று பெயரே வைத்தார். அமெரிக்க மதுவிலக்கில் பீர் குறைந்து விஸ்கி ஏறியதும் இதே கணக்குதான்.

சென்னையிலேயே இதற்கு ஆதாரம் இருக்கிறது. 1990களில் இங்கே பிரவுன் சுகர் விலை ஏறி, தரம் குறைந்தபோது, புகைத்துக்கொண்டிருந்தவர்களில் பலர் புப்ரெனார்ஃபின் என்ற வலி மருந்தை ஊசியில் ஏற்ற ஆரம்பித்தார்கள். காசுக்குக் கூடுதல் போதை. ஊசியைப் பகிர்ந்ததில் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சி. இப்போது 2021 டிசம்பரிலிருந்து போலீஸ் 'ஆபரேஷன் கஞ்சா வேட்டை' என்று 2.0, 3.0 என வெர்ஷன் போட்டு நடத்துகிறது. அதே வருஷங்களில் நகரச் செய்திகளில் அடிக்கடி வருவது, டேபென்டடால் என்ற வலி நிவாரணி மாத்திரையைக் கரைத்து ஊசி போட்டுக்கொள்ளும் பையன்கள். ஒன்றுக்கு மற்றது மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வார்னிஷ் கதையைப் படித்தவனுக்கு இது புதுக் கதையாகத் தெரியாது. மேல்தட்டில் இதன் இன்னொரு முகம்: 2025ல் நுங்கம்பாக்கத்தில் ஒரு பார் சண்டையை விசாரிக்கப் போன போலீஸ், கொகெய்ன் வழக்கில் போய் நின்றது, சினிமா நடிகர்கள் கைது வரைக்கும். லாபிக்குப் பின்னால் இருந்தவர்கள் ஜாமீனில் வெளியே வந்தார்கள். ஊசி போட்ட பையன்களின் பெயர் பேப்பரில்கூட வராது.

வேட்டையே வேண்டாம் என்பது என் கட்சி இல்லை. எனக்கும் பத்தாம் வகுப்பு படிக்கும் பெண் இருக்கிறாள், பள்ளிக்கூட வாசலில் விற்பவனைப் பிடிக்கத்தான் வேண்டும். என் சந்தேகம் வேறு. விலை ஏறினால் பழக்கம் குறையும் என்று எண்பது வருஷமாக நம்புகிறோம். விருந்துக்குக் குடிப்பவன் குறைப்பான், சரி. அடிமையானவன் குறைக்க மாட்டான், மலிவானதுக்கு மாறுவான். டாஸ்மாக் குவார்ட்டருக்கே காசில்லாதவர் 2023ல் மரக்காணத்திலும் செங்கல்பட்டிலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் பாக்கெட் சாராயத்துக்குப் போனார். கள்ளக்குறிச்சியில் மட்டும் 60 பேருக்கு மேல் இறந்தார்கள், மெத்தனால். 1970களின் வார்னிஷிலும் எமன் அதேதான்.

சிகிச்சை என்ற மூன்றாவது வழிக்கு இந்த ஊரில் ஒரு முகவரி உண்டு. மதுவால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன், 1980ல் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளை, அடையாறு இந்திரா நகரில் டி.டி.கே. ஆஸ்பத்திரி. குடியை ஒழுக்கக்கேடு என்று சொல்லாமல் நோய் என்று சொல்லி, குடும்பத்தையும் சேர்த்து உட்கார வைத்துப் பேசிய இடம். 1992ல் அவருக்கு பத்மஸ்ரீ. டாஸ்மாக் 2023-24ல் ஈட்டியது சுமார் 45,000 கோடி ரூபாய். அந்தத் தொகையையும் அந்த ஆஸ்பத்திரி மாதிரி இடங்களின் எண்ணிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மதுவிலக்கு, ஆயத்தீர்வை என்ற இரண்டு வார்த்தைகளில் எது கனம் என்று தெரிந்துவிடும்.

கள்ளக்குறிச்சிக்குப் பிறகு அரசு என்ன செய்தது? 1937 சட்டத்துக்கே ஒரு திருத்தம். ஆயுள் தண்டனை வரை, கூடவே அபராதமும்.

1939ல் விற்பனை வரி பற்றிச் சட்டசபையில் நடந்த விவாதங்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அப்போது வியாபாரிகள் என்ன சொல்லி எதிர்த்தார்கள் என்று பார்க்கவேண்டும். கிடைத்தால் அடுத்த பதிவு அதுதான்.