குழி வெட்ட லைசென்ஸ் உண்டா?

அமெரிக்காவில் கொலராடோ என்று ஒரு மாநிலம். இறுதிச் சடங்குத் தொழில் செய்கிறவர்களுக்கு அங்கே முன்பு லைசென்ஸ் கட்டாயமாக இருந்தது. 1983-இல் அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள். பிறகு நாற்பது வருஷம், படிப்போ பரீட்சையோ இல்லாமல் அந்தத் தொழிலை நடத்தலாம் என்ற நிலை. 2023 அக்டோபரில் பென்ரோஸ் என்ற சிற்றூரில், ஒரு கட்டடத்திலிருந்து நாற்றம் வருகிறதே என்று போய்ப் பார்த்தால், உள்ளே சுமார் 190 உடல்கள்! புதைக்கவும் இல்லை, எரிக்கவும் இல்லை. சில குடும்பங்களுக்கு அஸ்தி என்று சொல்லி கான்கிரீட் பொடியைக் கொடுத்திருக்கிறார்கள். 2024-இல் அவசரமாகப் புதுச் சட்டம் போட்டார்கள். 2027 முதல் அங்கே மறுபடியும் லைசென்ஸ் வேண்டும்.

நம்ம புதுக்கடைப் பக்கம் இந்த வேலைக்கு யாரும் லைசென்ஸ் எடுத்ததில்லை. நம்ம மாநிலத்தில் சுடுகாடு, இடுகாட்டு நிலத்துக்குத்தான் உள்ளாட்சியின் அனுமதி வேண்டும், வேலை செய்கிற ஆளுக்கு ஒன்றும் வேண்டாம். ஆனால் லைசென்ஸைவிடக் கெட்டியான ஒன்று இருந்தது. பிறப்பு. என் சின்ன வயதில் ஒரு வீட்டில் சாவு என்றால் குடிமகனுக்கு ஆள் போகும், வண்ணாருக்கு ஆள் போகும், குழி வெட்டுகிறவருக்கு ஆள் போகும். இன்னின்ன வீடு இன்னாருக்கு என்று தகப்பன் காலத்திலேயே பிரித்து வைத்திருப்பார்கள். காய்ச்சல் என்றாலும் வர மாட்டேன் என்று சொல்ல முடியாது. கொடுத்த அரிசியும் தேங்காயும்தான் கூலி. குறைவாக இருக்கிறதே என்று கேட்டால், பேச்சு வாங்க வேண்டியதுதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ரத்தாவதும் புதுப்பிக்கப்படுவதும் வேலை செய்கிறவரின் உரிமை அல்ல, செத்தவர் வீட்டின் உரிமை! ஊர்க் கட்டுப்பாட்டை மீறிய குடும்பத்தை விலக்கி வைத்தால், குடிமகனும் வண்ணாரும் அந்த வீட்டு நடையை மிதிக்கக் கூடாது. அந்த நேரம் பார்த்து ஒரு சாவு விழுந்துவிட்டால், பிணத்தைக் கிடத்திவிட்டு ஊர்ப் பெரியவர்கள் காலில் விழுந்து தெண்டம் கட்ட வேண்டும். கட்டின பிறகுதான் சங்கு ஊதும், மாற்றுத் துணி விரியும். ஊர்விலக்கு தமிழ்நாடு முழுக்க இருந்ததுதான். அதில் தண்ணீரை மறிப்பதைவிட, பிணத்தை மறிப்பதுதான் கொடுமை என்று எனக்குத் தோன்றும்.

கட்டாய வேலை கூடாது என்று அரசியல் சட்டத்தின் 23ஆவது பிரிவு 1950-இலேயே சொல்லிவிட்டது. அப்போது நம்ம விளவங்கோடு திருவிதாங்கூர்-கொச்சியில்; 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். இரண்டு ஆட்சியிலும் அந்தப் பிரிவு சாவு வீட்டுக்குள் வந்து நான் பார்த்ததில்லை. குறிப்பாகக் குழி வெட்டுவதைப் பற்றிச் சட்டம் பேசியது மிகவும் பிந்தித்தான். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம், பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ பிணம் சுமக்கவும் குழி வெட்டவும் கட்டாயப்படுத்துவது குற்றம் என்கிறது. 2016 ஜனவரி 26 முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

அதற்கு முன்பே பிள்ளைகள் போய்விட்டார்கள். ஒருவர் மகன் கல்ஃபுக்கு, ஒருவர் மகன் வாத்தியார் வேலைக்கு. "பண்டு எல்லாரும் வருவினும், இப்ப ஒருத்தனையும் காணோம்" என்று சில பெரியவர்கள் அங்கலாய்க்கிறார்கள். எனக்கு அந்த வருத்தம் இல்லை. காலாவதியாக வேண்டியதுதான் காலாவதியானது.

கொலராடோ கதையைப் படித்தபோது ஒன்று மட்டும் உறுத்தியது. நம்ம ஊரில் பிணம் வீட்டை விட்டுப் போவதில்லை; கண் முன்னால்தான் குளிப்பாட்டுகிறோம், மண் போடுகிறோம். அதனால் அப்படி ஏமாற்ற வழியில்லாமல் இருந்தது. இப்போது ஃப்ரீசர் பெட்டி, ஆம்புலன்ஸ், பந்தல் எல்லாம் ஒரு போனில் வருகிறது. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளை வந்து சேரும் வரை உடல் ஆஸ்பத்திரிப் பிணவறையில் நாட்கணக்கில் கிடக்கிறது. அங்கே பொறுப்பு யாருடையது என்று யாரும் கேட்பதில்லை.

குழியை இப்போது கட்டட வேலைக்குப் போகிற பையன்கள் வெட்டுகிறார்கள். வேலை முடிந்ததும் கூலியைக் கேட்டு, எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டு போகிறார்கள்.