நாய்களின் கண்புரை அறுவைச் சிகிச்சை: ஒரு வரலாறு

கண்ணினுள் இருக்கும் வில்லை தெளிவை இழந்து வெண்மையாவதே கண்புரை ஆகும். பேச்சு வழக்கில் இதைக் 'கண்ணில் பூ விழுதல்' என்பர். மனிதரைப் போலவே நாய்களுக்கும் இது வரும். வீட்டில் வளரும் நாய் வாசற்படியில் தடுமாறி, இடம் மாற்றிப் போட்ட நாற்காலியில் முட்டிக்கொள்ளும்போதுதான் பல வீடுகளில் இது தெரியவருகிறது. அறுவை செய்வதா, அப்படியே விட்டுவிடுவதா என்ற கேள்வியும் அப்போதே எழுகிறது. மனிதருக்கு என்றால் நோயாளியே விடை சொல்வார். நாய்க்காக வளர்ப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவுக்குத் துணை நிற்கும் அறிவு ஒரே நாளில் கிடைத்ததன்று.

புரையைத் தள்ளுதலும் எடுத்தலும்

கண்புரைக்கான மிகப் பழைய சிகிச்சை, கூரிய கருவியால் வில்லையைப் பார்வைப் பாதையிலிருந்து விலக்கிக் கண்ணின் உட்பகுதிக்குள் தள்ளிவிடுவது. சுசுருத சம்கிதை இம்முறையை விவரிக்கிறது. இதனால் வெளிச்சம் உடனே உள்ளே வரும். ஆனால் தள்ளப்பட்ட வில்லை கண்ணுக்குள்ளேயே கிடப்பதால் பின்னாளில் வீக்கமும் அழுத்தமும் ஏற்பட்டுப் பலர் பார்வையை மீண்டும் இழந்தனர். சென்னை அரசு கண் மருத்துவமனையின் கண்காணிப்பாளராகப் பணியாற்றிய ராபர்ட் ஹென்றி எலியட், இவ்வாறு கெட்டுப்போன கண்களை ஆராய்ந்து 1917இல் லண்டனில் விரிவுரைகள் நிகழ்த்தினார். அறுவை முடிந்த நாளில் தெரியும் பார்வையை மட்டும் கொண்டு வெற்றியை அளக்கக் கூடாது என்பது இதிலிருந்து கிடைத்த பாடம்.

வில்லையைத் தள்ளாமல் வெளியே எடுக்கும் முறையைப் பிரான்சின் ழாக் தாவியேல் 1747இல் தொடங்கினார். அதே நாட்டில் 1761இல் குளோத் பூர்ழெலா லியோன் நகரில் கால்நடை மருத்துவப் பள்ளியை நிறுவினார். ஆனால் அக்காலக் கால்நடை மருத்துவத்தின் கவலை குதிரையும் மாடுமே. குருட்டு நாய்க்கு அறுவை செய்வது பற்றி எண்ணும் சூழல் அப்போது இல்லை.

மயக்க மருந்தின் வருகை

கண் அறுவைக்கு அசையாத கண் வேண்டும். 1846இல் பாஸ்டன் நகரில் ஈதர் மயக்கம் பலர் முன்னிலையில் செய்துகாட்டப்பட்டது. 1884இல் கார்ல் கொல்லர், கொக்கேய்ன் கரைசலைச் சொட்டினால் கண் மரத்துப்போகும் என்று கண்டறிந்தார். தவளை, முயல், நாய் ஆகியவற்றின் கண்களில் சோதித்த பிறகே மனிதரிடம் அதைப் பயன்படுத்தினார்.

மனிதர் கண்ணை மட்டும் மரக்கவைத்துக்கொண்டு அசையாமல் படுத்திருப்பார். நாய் அப்படிப் படுக்காது. எனவே நாய்க்கு முழு மயக்கம் தேவை. இதயம், சிறுநீரகம், ஈரல் ஆகியவை அதைத் தாங்குமா என்று முன்கூட்டியே பார்ப்பதும் இதனால்தான். வயது மட்டுமே தடையன்று, உடல்நிலையே முக்கியம்.

வில்லைக்குப் பின்னால் இருப்பது என்ன?

1851இல் எர்மான் எல்ம்ஹோல்ட்ஸ் உருவாக்கிய கண் உள்நோக்கி, உயிருள்ள கண்ணின் விழித்திரையை முதன்முறையாகத் தெளிவாகக் காட்டியது. 1865இல் சுவீடனின் ஃபிரித்தியோவ் ஓல்ம்கிரென், ஒளி படும்போது விழித்திரையில் மின்மாற்றம் உண்டாவதைக் கண்டார். இதிலிருந்து வளர்ந்ததே விழித்திரை மின்வரைவு.

1911இல் சுவீடனைச் சேர்ந்த மக்னுசன், கார்டன் செட்டர் இன நாய்களில் விழித்திரை படிப்படியாக நலிந்துபோகும் பரம்பரை நோயை விவரித்தார். இந்நோயில் முதலில் இரவுப் பார்வை மங்கும்; பிறகு பகல் பார்வையும் போகும். இப்படி நலிந்த கண்களில் பின்னர் கண்புரையும் தோன்றுவதுண்டு. அப்போது வெளியே தெரிவது வெண்மையான வில்லை மட்டுமே. அதை எவ்வளவு திறமையாக அகற்றினாலும் பார்வை வராது; விழித்திரை முன்பே செயலிழந்திருக்கும். வில்லை முற்றிலும் வெளுத்துவிட்டால் உள்நோக்கியாலும் பின்னால் பார்க்க முடியாது. அந்நிலையில் மின்வரைவும் மீயொலிப் படமும் உதவுகின்றன. வளர்ப்பவருக்கு வீண் செலவையும், நாய்க்கு வீண் வலியையும் தவிர்க்கும் சோதனைகள் இவை.

வயதான நாய்களின் கண்ணில் தெரியும் நீலச்சாம்பல் மங்கல் எல்லாமே கண்புரை அன்று. வில்லையின் நடுப்பகுதி வயதினால் இறுகுவதாலும் அந்நிறம் வரும். அது பார்வையைப் பெரிதாகக் கெடுப்பதில்லை, அறுவையும் தேவையில்லை.

நாய் மருத்துவத்தில் அறுவை

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்கக் கால்நடை மருத்துவர் வில்லியம் மக்ரேன் இத்துறைக்கு அடித்தளமிட்டார். 1961இல் 104 கண்புரை அறுவைகளின் மதிப்பீட்டையும், 1969இல் 429 அறுவைகளின் தொடர் கண்காணிப்பையும் அவர் வெளியிட்டார். அறுவை செய்ததோடு நில்லாமல், பிறகு அந்தக் கண்கள் என்ன ஆயின என்று பார்த்துப் பதிந்தது அவருடைய சிறப்பு. 1970இல் அமெரிக்கக் கால்நடைக் கண் மருத்துவர் கல்லூரி அமைந்தது.

நாயின் கண் அறுவையின்போதும் பின்பும் மனிதக் கண்ணைவிடக் கடுமையாக அழற்சி அடையும். பெரிய வெட்டு இதை மேலும் கூட்டியது. 1967இல் நியூயார்க்கின் சார்லஸ் கெல்மன் இதற்கு வழி கண்டார். பல் மருத்துவர் மீயொலிக் கருவியால் பல் காறையை அகற்றுவதைப் பார்த்த அவர், அதே முறையில் வில்லையைக் கண்ணுக்குள்ளேயே உடைத்துச் சிறு துளை வழியாக உறிஞ்சி எடுத்தார். பின்னர் இது நாய்களுக்கும் வந்து, இன்று வழக்கமான முறையாகியுள்ளது.

செயற்கை வில்லை

வில்லை நீக்கப்பட்ட மனிதருக்குத் தடித்த கண்ணாடி கொடுக்கலாம். நாய்க்குக் கொடுக்க முடியாது. 1949 நவம்பரில் லண்டனில் ஆரல்டு ரிட்லி முதன்முறையாக ஒரு நோயாளியின் கண்ணுக்குள் செயற்கை வில்லையைப் பொருத்தினார். போர் விமானிகளின் கண்ணில் தைத்த விமானக் கூரையின் நெகிழித் துண்டுகளைக் கண் ஏற்றுக்கொண்டதைப் பார்த்ததே இதற்குத் தூண்டுகோல்.

மனிதக் கண்ணுக்குச் சுமார் 20 டையாப்டர் திறனுள்ள வில்லை போதும். நாய்க்கு ஏறத்தாழ 41 டையாப்டர் தேவைப்பட்டது. எனவே நாய்களுக்கெனத் தனி வில்லைகள் உருவாயின. வில்லை வைக்க முடியாமற்போனாலும் நாய் கிட்டப்பொருள்களை மங்கலாகக் கண்டு, தடுக்காமல் நடமாடும்.

நீரிழிவும் கண்புரையும்

1889இல் மெரிங், மின்கோவ்ஸ்கி ஆகிய இருவரும் நாயின் கணையத்தை அகற்றியபோது நீரிழிவு உண்டாவதைக் கண்டனர். 1921இல் டொரன்டோவில் பான்டிங்கும் பெஸ்டும் நாய்களிடம் செய்த ஆய்வே இன்சுலினைத் தந்தது. அந்த மருந்து நீரிழிவுள்ள நாய்களையும் பல ஆண்டுகள் வாழவைக்கிறது. ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் கண்புரை வருகிறது. மிகுதியான சர்க்கரை, வில்லைக்குள் சார்பிடாலாக மாறி நீரை இழுக்கிறது. வில்லை உப்பிச் சில நாள்களிலேயே வெளுத்துவிடக்கூடும். இத்தகைய நாய்களின் விழித்திரை பெரும்பாலும் நன்றாக இருப்பதால், சர்க்கரை கட்டுக்குள் வந்தபின் அறுவை பலன் தருகிறது. உப்பிய வில்லை வெடிக்கும் ஆபத்து உண்டு என்பதால் நீண்ட காலம் தள்ளிப்போடுவதும் நல்லதன்று.

லான்சிலாட் என்ற நாய்

விழித்திரைக் கோளாறுக்கும் ஒரு வழி பிறந்தது. பிரியார் இன நாய்கள் சிலவற்றில் ஆர்.பி.ஈ.65 என்ற மரபணுவின் குறையால் பிறவிக் குருடு உண்டு. அவற்றின் விழித்திரைக்கடியில் சரியான மரபணுவைச் செலுத்தியதும் பார்வை கிடைத்ததாக 2001இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர். அவற்றுள் லான்சிலாட் என்ற நாய் புகழ்பெற்றது. இதே குறையோடு பிறந்த மனிதருக்கான மருந்துக்கு 2017 டிசம்பரில் அமெரிக்க ஒப்புதல் கிடைத்தது. ஆயினும் இது அந்த ஒரு மரபணுக் குறைக்கு மட்டுமே உரியது. மற்ற விழித்திரை நலிவுகளுக்குப் பொருந்தாது.

முடிவெடுத்தல்

இவ்வளவு வளர்ச்சிக்குப் பிறகும் முடிவு எளிதாகிவிடவில்லை. தகுதியான கண்களில் அறுவை பெரும்பாலும் வெற்றி பெறுகிறது. எனினும் கண்நீர் அழுத்தம், விழித்திரை விலகல், தொற்று ஆகியவை நேரலாம். அரிதாகக் கண்ணையே அகற்ற வேண்டி வரலாம். அறுவைக்குப் பின் நாளுக்குப் பல முறை சொட்டு மருந்து, கழுத்தில் கூம்புக் காப்பு, வாரக்கணக்கில் ஓய்வு, பல முறை மருத்துவமனைப் பயணம் ஆகியவை உண்டு. முகத்தைத் தொடவே விடாத நாய்க்கும், மருந்து போட ஆளில்லாத வீட்டுக்கும் இது கடினம்.

அறுவை வேண்டாம் என்பது ஒன்றும் செய்யாமலிருப்பதன்று. முற்றிய புரை கண்ணுக்குள் அழற்சியையும் அழுத்தத்தையும் உண்டாக்கும். ஆகவே சொட்டு மருந்தும் கண்காணிப்பும் அப்போதும் தொடர வேண்டும். வலியைத் தவிர்ப்பது இரு வழிகளுக்கும் பொதுவான கடமை.

பார்வை இழந்த நாயின் வாழ்வு முடிந்துவிடுவதில்லை. மோப்பமும் செவியும் அதற்குப் பெருந்துணை. மெல்ல மெல்லப் பார்வை போன நாய், வீட்டின் வழிகளை முன்பே மனத்தில் பதித்திருக்கும். தண்ணீர்க் கிண்ணத்தையும் கட்டிலையும் இடம் மாற்றாமல், தொடுமுன் குரல் கொடுத்து, படிகளில் தடுப்பு வைத்தால் அது நிம்மதியாக வாழும். விழித்திரை நலமாக இருந்து, உடல் மயக்கத்தைத் தாங்குமென்றால், வீட்டார் மருந்துப் பொறுப்பை ஏற்கும் நிலையில் அறுவை நல்ல வழி. இவற்றில் ஒன்று இல்லாவிட்டால், அறுவையைத் தவிர்த்ததற்காக வளர்த்தவர் குற்ற உணர்வு கொள்ளத் தேவையில்லை.