பெயர் பெற்றோரும் பெயரிழந்தோரும்: லெய்டன் பல்கலைக்கழகத் தாவரவியற் பூங்கா குறித்து ஒரு நோக்கு

நெதர்லாந்தின் லெய்டன் நகரிலே, பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடத்திற்குப் பின்புறமாக அதன் தாவரவியற் பூங்கா அமைந்துள்ளது. 1594ஆம் ஆண்டின் திட்டத்தைத் தழுவி மீளமைக்கப்பட்ட சிறு தோட்டமொன்றும் அங்குண்டு. அதன் நேர்கோட்டுப் பாத்திகளிடையே நடந்தபோது எம்மைச் சிந்திக்க வைத்தவை செடிகளைவிடப் பெயர்களே. ஒரு தாவரத்தின் இலத்தீன் பெயரோடு அப்பெயரைச் சூட்டிய அறிஞரின் பெயரையும் சேர்த்து எழுதுவது தாவரவியலார் மரபு. அத்தாவரத்தை அதற்கு முன்னரே அறிந்து, மருந்தாகவும் உணவாகவும் பயன்கொண்ட மக்களின் பெயருக்கு அம்மரபில் இடமில்லை. இவ்விடைவெளி எவ்வாறு தோன்றியது? இலங்கையரான எமக்கு இவ்வினா வெறும் ஆர்வத்தின்பாற்பட்டதன்று. ஏனெனில், இப்பூங்காவின் வரலாற்றில் எமது நாட்டுக்கும் பங்குண்டு.

லெய்டன் பல்கலைக்கழகம் 1575இல் நிறுவப்பட்டது. தோட்டம் அமைப்பதற்கான நிலத்தை நகர ஆட்சியாளர் 1590இல் வழங்கினர். 1593இல் அங்கு வந்த குளூசியஸ் என்ற அறிஞரின் வழிகாட்டலில் ஆயிரத்துக்கு மேற்பட்ட தாவரவகைகள் நடப்பட்டன. அக்காலத்தில் தாவரவியல் தனித்துறையாக வளர்ந்திருக்கவில்லை. மருத்துவக் கல்வியின் ஓர் அங்கமாகவே அது விளங்கிற்று. எனவே, பூங்கா என்பது மாணவர் மூலிகைகளை நேரிற் கண்டு கற்கும் வகுப்பறையாகும். கோவாவில் வாழ்ந்த போர்த்துக்கேய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா, இந்திய மருந்துகள் பற்றி 1563இல் வெளியிட்ட நூலை 1567இல் இலத்தீனில் சுருக்கித் தந்தவரும் குளூசியசே என்பது மனங்கொள்ளத்தக்கது. கீழைத்தேய மருத்துவ அறிவு அப்பூங்கா தோன்றுமுன்னரே ஐரோப்பாவை எட்டியிருந்தது.

1602இல் ஒல்லாந்த கிழக்கிந்தியக் கம்பனி தோன்றியதும் இவ்வறிவுத் தேட்டம் வணிகத்தோடு பிணைந்தது. 1656இல் கொழும்பும் 1658இல் யாழ்ப்பாணமும் கம்பனியின் வசமாயின. இலங்கையில் அது நாடிய முதற்பொருள் கறுவாவாகும். காட்டிலே வளர்ந்த கறுவாவை உரித்துக் கொடுக்கும் கடமை, போர்த்துக்கேயர் காலத்திற் போலவே, சலாகம குலத்தார் மீது சுமத்தப்பட்டது. கம்பனியின் அனுமதியின்றிக் கறுவா உரிப்பதும் விற்பதும் கொடுந்தண்டனைக்குரிய குற்றங்களாயின. ஒருபுறம் தாவரங்களை அறியும் ஆர்வமும், மறுபுறம் அவற்றைத் தனியுடைமையாக்கும் அதிகாரமும் ஒரே நிறுவனத்தின் இரு முகங்களாக விளங்கின.

இப்பின்னணியிலேயே போல் ஹேர்மனின் பணியை நோக்குதல் வேண்டும். ஜேர்மனியின் ஹாலே நகரிற் பிறந்த இவர், 1672ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள் இலங்கையில் கம்பனியின் மருத்துவராகக் கடமையாற்றினார். அக்காலத்தில் தாவரங்களைச் சேகரித்து உலர்த்தினார். பின்னர், 1680இல் லெய்டனிற் பேராசிரியராகி, 1695இல் இறக்கும்வரை பூங்காவையும் நெறிப்படுத்தினார். அவரது இலங்கைக் குறிப்புகள் 1717இலேயே நூலுருப் பெற்றன. நெடுங்காலம் மறைந்திருந்த அவரது உலர்தாவரத் தொகுதிகள் 1744இல் சுவீடனின் லின்னேயசைச் சென்றடைந்தன. அவற்றை ஆராய்ந்து, அறுநூறுக்கு மேற்பட்ட தாவரங்களை உள்ளடக்கிய இலங்கைத் தாவர நூலை 1747இல் அவர் வெளியிட்டார். இன்றும் வழக்கிலுள்ள இருசொற் பெயரிடலுக்கு அடித்தளமான அவரது 1753ஆம் ஆண்டு நூலுக்கும் இவ்வாய்வு பயன்பட்டது. லின்னேயஸ் இலங்கைக்கு வந்தவரல்லர். எமது காடுகளிலும் வேலியோரங்களிலும் வளர்ந்த செடிகள், காய்ந்த இலைகளாக அவர் மேசைக்குச் சென்று பெயர் பெற்றன.

எமது வைத்தியர் கொடிவேலி என்றும் சித்திரமூலம் என்றும் வழங்கும் செடிக்கு அவர் சூட்டிய பெயர் 'பிளம்பாகோ சைலானிக்கா'. பின்னைய சொல் இலங்கையைச் சுட்டுவது. ஆயினும், அச்செடி இந்தியா உட்பட வெப்பநாடுகள் பலவற்றில் வளர்கிறது. இப்பெயர், தாவரத்தின் பரம்பலைவிட, ஐரோப்பிய அறிவுலகம் அதனைச் சந்தித்த வழியையே எமக்கு உணர்த்துகிறது.

ஹேர்மனுக்குச் செடிகளைக் காட்டியோர் யாவர்? அவரது குறிப்புகளிலே சிங்களத் தாவரப் பெயர்கள் இலத்தீன் எழுத்தில் இடம்பெற்றுள்ளன. ஒருவர் சொல்லாமல் மற்றொருவர் அவற்றை எழுதியிருத்தல் இயலாது. அயல்நாட்டு மருத்துவருக்குப் பெயர்களைச் சொல்லிக் கொடுத்தோரின் குரல் அச்சொற்களிலே எஞ்சியுள்ளது. சொன்னவரின் பெயரோ எஞ்சவில்லை.

அக்காலத்தில் இது தவிர்க்க முடியாததாயிருந்தது என்று வாதிடலாம். அதனை மறுப்பதற்கு மலையாளக் கரையில் ஒரு சான்றுண்டு. கொச்சியில் கம்பனியின் ஆட்சியாளராயிருந்த வான் றீடே தொகுப்பித்த 'ஹோர்ட்டுஸ் மலபாரிக்குஸ்' என்னும் நூல், 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக அம்ஸ்ரடாமில் வெளிவந்தது. ஈழவ வைத்தியரான இட்டி அச்சுதனும், ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் ஆகிய கொங்கணி அந்தணர் மூவரும் 1675இல் எழுதிய சான்றுரைகள் அதன் முதற்றொகுதியில் அச்சேறின. சாதியொடுக்குமுறைக்கு உட்பட்ட சமூகத்தின் வைத்தியர் ஒருவர், ஐரோப்பிய அறிவுநூலொன்றிலே தம் பெயருடன் நிற்கிறார். இதனைக் கம்பனியின் கருணை எனக் கொள்ளுதல் தவறு. நூலின் நம்பகத்தன்மைக்கு அச்சான்று தேவைப்பட்டது. எனினும், அறிவுடையோரின் பெயரைப் பதிவுசெய்தல் அன்றும் இயன்றதே என்பது இதனாற் பெறப்படும்.

ஹேர்மனினதும் லின்னேயசினதும் உழைப்பைக் குறைத்து மதிப்பிடுவது எமது நோக்கமன்று. பல மொழிகளில் பல பெயர்களால் வழங்கிய தாவரத்தை உலகெங்கும் ஒரு பெயரால் அறிய வழிசெய்தமை அறிவியலுக்குக் கிடைத்த பெரும் பேறாகும். ஆனால், அறிவியலின் வரலாறு பேராசிரியர்களின் வரலாறாக மட்டும் எழுதப்படின் அது அரை வரலாறேயாகும். காட்டு வழியறிந்தோர், மூலிகையின் குணமறிந்தோர், பட்டை உரித்தோர் ஆகியோரின் உழைப்பும் அதன் பகுதியே.

இவ்வாய்வுக்கு நாம் லெய்டன் வரை செல்லவேண்டியதில்லை. ஹேர்மனின் தொகுதிகள் இன்று இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளன; அவற்றின் படங்களைக் கணினிவழி எவரும் காணலாம். 1821இல் நிறுவப்பட்ட பேராதனைப் பூங்காவும் எமது பல்கலைக்கழகத்தின் அயலிலேயே உள்ளது. ஹேர்மன் எழுதிவைத்த பெயர்களைச் சிங்கள, தமிழ் வைத்திய ஏடுகளோடும், இன்றும் கிராமங்களில் வழங்கும் பெயர்களோடும் ஒப்புநோக்குதல் வேண்டும். தாவரவியலாரும் மொழியியலாரும் சுதேச வைத்தியரும் கூடிச் செய்யவேண்டிய பணி இது. இழந்த ஆட்பெயர்கள் அனைத்தையும் அதனால் மீட்டுவிட முடியாது. ஆயினும், அவ்வறிவு எம்மக்களிடமிருந்து சென்றது என்பதையேனும் சான்றுகளுடன் நிறுவ இயலும்.