எடை பார்த்த தில்லி, உணவு கொடுத்த ஐதராபாத்

முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு விழுப்புரம், திண்டிவனம், விக்கிரவாண்டி வட்டாரங்களிலிருந்து பிரஷர் பார்க்க வருகிறவர்களிடம் வழக்கமாகச் சில கேள்விகள் கேட்கப்படும். உப்பு எவ்வளவு சேர்க்கிறீர்கள், புகை பிடிப்பீர்களா, அப்பா அம்மாவுக்கு இருந்ததா என்பார்கள். "இரண்டு வயதில் உங்கள் எடை என்ன?" என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் பதில் சொல்ல ஆள் இருக்காது. ஆனால் ஒருவருடைய நாற்பதாவது வயது ரத்த அழுத்தத்தில் அவருடைய முதல் சில வருடங்களுக்கும் ஒரு பங்கு உண்டு என்று கடந்த நாற்பது ஆண்டு ஆராய்ச்சிகள் சொல்லிவருகின்றன.

தமிழ்நாட்டுக்கு இது ஏட்டுச் சங்கதி இல்லை. 2020இல் மாநில அளவில் நடந்த கணக்கெடுப்பில் பெரியவர்களில் 33.9 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7.3 சதவீதம் மட்டுமே. ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இதே மாநிலத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒன்று வயதுக்கேற்ற உயரம் இல்லாதது. ஒரு பக்கம் குட்டையாக நின்றுவிட்ட குழந்தை, இன்னொரு பக்கம் பிரஷர் மாத்திரை விழுங்கும் பெரியவர். இங்கேதான் ஒரு சங்கடமான கேள்வி எழுகிறது: நோஞ்சான் குழந்தைக்கு ஊட்டம் கொடுத்துத் தேற்றினால், அதுவே பிற்காலத்தில் பிரஷருக்கு வழி வகுக்குமா?

இந்தியாவில் நடந்த இரண்டு ஆய்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இதற்கு ஓரளவு தெளிவான விடை கிடைக்கிறது. ஒன்று தில்லியில் நடந்தது, மற்றது ஐதராபாத்தை அடுத்த கிராமங்களில்.

முன்கதை

இந்தச் சிந்தனைக்கு விதை போட்டவர் இங்கிலாந்தின் டேவிட் பார்க்கர். ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் மாவட்டத்தில் 1911 முதல் செவிலியர்கள் வீடு வீடாகப் போய்க் குழந்தைகளின் பிறப்பு எடையையும் ஒரு வயது எடையையும் பேரேட்டில் எழுதி வைத்திருந்தார்கள். பார்க்கர் குழுவினர் அந்தப் பேரேடுகளைத் தேடி எடுத்து, அந்தக் குழந்தைகள் பிறகு எப்படி வாழ்ந்தார்கள், எதனால் இறந்தார்கள் என்று பொருத்திப் பார்த்தார்கள். ஒரு வயதில் எடை குறைவாக இருந்த ஆண்களே இதயநோயால் அதிகம் இறந்திருந்தார்கள். 1989இல் வெளியான இந்த முடிவுக்குப் பிறகு, உலகெங்கும் பழைய எடைப் பேரேடுகளுக்குப் புது மதிப்பு வந்தது.

தில்லி: எடை பார்த்தார்கள்

1969 முதல் 1972 வரை தெற்கு தில்லியில் 12 சதுர கிலோமீட்டர் பரப்பில் பிறந்த 8,181 குழந்தைகளைச் சந்தோஷ் பார்கவா உள்ளிட்ட குழு பதிவு செய்தது. பிறந்து மூன்று நாளுக்குள் ஒரு முறை, முதல் வருடத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறை என்று பதின்பருவம் வரை உயரமும் எடையும் எடுத்தார்கள். 26 முதல் 32 வயதுக்குள் இருந்தபோது 1,526 பேரை மறுபடி கண்டுபிடித்துச் சோதித்தார்கள்.

2004இல் வெளியான கட்டுரை சர்க்கரை நோயைப் பற்றியது. சர்க்கரைக் கோளாறு வந்தவர்கள் குண்டுக் குழந்தைகளாக இருக்கவில்லை. இரண்டு வயது வரை ஒல்லியாக இருந்து, அதன்பின் மற்ற பிள்ளைகளைவிடச் சீக்கிரமே உடல் பூசத் தொடங்கி, ஆண்டுக்காண்டு சதை ஏறிக்கொண்டே போனவர்கள் அவர்கள். பன்னிரண்டு வயதில்கூட அவர்களைப் பார்த்து யாரும் பருமன் என்று சொல்லியிருக்க முடியாது. அவர்கள் முன்பு இருந்த நிலையிலிருந்து எவ்வளவு ஏறினார்கள் என்பதில்தான் ஆபத்து ஒளிந்திருந்தது. ரத்த அழுத்தத்தைப் பொறுத்தவரை இதே கூட்டத்தில் சுமார் 29 வயதில் ஆண்களில் 11 சதவீதமாக இருந்த உயர் அழுத்தம், அடுத்த 7 ஆண்டுகளில் 34 சதவீதமானது. பெண்களில் 5 சதவீதம் 15 ஆனது.

ஐதராபாத்: உணவு கொடுத்தார்கள்

ஐதராபாத் ஆய்வின் போக்கு வேறு. 1987 முதல் 1990 வரை, தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஐதராபாத்தை ஒட்டிய கிராமங்களில் ஒரு சோதனை நடத்தியது. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம், அதாவது நம் அங்கன்வாடித் திட்டம், அப்போது ஒரு வட்டாரத்துக்கு வந்திருந்தது, பக்கத்து வட்டாரத்துக்கு இன்னும் வரவில்லை. வந்த வட்டாரத்தின் 15 கிராமங்களில் கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் புரதமும் மாச்சத்தும் சேர்ந்த துணை உணவு தினமும் கிடைத்தது. வராத வட்டாரத்தின் 14 கிராமங்களில் அது இல்லை.

அந்தக் குழந்தைகள் 13 முதல் 18 வயதை எட்டியபோது, சஞ்சய் கின்ரா குழுவினர் 1,165 பேரைத் தேடிப்பிடித்துப் பரிசோதித்தார்கள். 2008இல் முடிவு வெளியானது. உணவு கிடைத்த கிராமத்துப் பிள்ளைகள் சராசரியாக 14 மில்லிமீட்டர் உயரம் கூடியிருந்தார்கள். உடலில் கொழுப்பின் அளவு இரு தரப்பிலும் ஏறக்குறைய ஒன்றுதான். இன்சுலினுக்கு உடல் காட்டும் எதிர்ப்பு, உணவு பெற்றவர்களிடம் 20 சதவீதம் குறைவு. ரத்தக் குழாய்களின் விறைப்பும் குறைவு. ரத்த அழுத்தத்தில் சொல்லும்படியான வித்தியாசம் தென்படவில்லை.

ஒப்பு நோக்கினால்

இரண்டும் ஒரே நாட்டில், பெரும்பாலும் மெலிந்து பிறந்த குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வுகள். இரண்டிலும் பழைய பதிவேடே முதுகெலும்பு. ஒற்றுமை இத்தோடு முடிகிறது.

தில்லியில் பெரும்பாலும் நடுத்தரக் குடும்பங்கள். ஆய்வாளர்கள் எதையும் கொடுக்கவில்லை, தடுக்கவும் இல்லை. வளர்ந்ததை அப்படியே குறித்துக்கொண்டார்கள். நகரம் மாறியது, வருமானம் ஏறியது, தட்டு நிறைந்தது, நடை குறைந்தது. ஆகவே தில்லிக் கணக்கில் எடையோடு சேர்ந்து வாழ்க்கை மாற்றமும் கலந்திருக்கிறது. எது காரணம், எது கூட வந்தது என்று பிரிப்பது கடினம். ஐதராபாத்தில் இந்தக் குழப்பம் குறைவு. இரு தரப்பும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிக் கிராமங்கள். வேறுபாடு துணை உணவில். ஆனாலும் அது குலுக்கல் முறையில் பிரித்த சோதனை ஆகாது. திட்டம் எந்த வட்டாரத்துக்கு முந்தி வந்தது என்பதே பிரிவைத் தீர்மானித்தது. பதினெட்டு வயதுக்குள் ரத்த அழுத்தத்தில் தெரியாத வித்தியாசம் முப்பத்தைந்தில் தெரியலாம். தில்லியில் 29க்கும் 36க்கும் இடையில் ஏறிய ஏற்றமே அதற்குச் சான்று.

இத்தனைக்குப் பிறகும், இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்படவில்லை. தில்லி எச்சரிப்பது இரண்டு வயதுக்குப் பின் ஏறும் சதையைப் பற்றி. ஐதராபாத் உறுதி கூறுவது கருவிலும் குழந்தைப் பருவத்திலும் கிடைக்கும் சோற்றைப் பற்றி. இரண்டும் பேசுவது இரு வேறு வயதுகளை.

இதைப் பெரிய கணக்கில் காட்டியது 2013இல் வெளியான ஐந்து நாட்டுத் தொகுப்பு. தில்லியோடு பிரேசில், குவாத்தமாலா, பிலிப்பைன்ஸ், தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளின் பதிவுகளையும் சேர்த்து 8,362 பேரை ஆராய்ந்தார்கள். முதல் இரண்டு வருடத்தில் உயரத்துக்கு மிஞ்சி எடை ஏறினால் பிற்கால உயர் அழுத்தத்துக்கான வாய்ப்பு 7 சதவீதமே கூடியது. இரண்டு வயதுக்குப் பிறகு அதே போல ஏறினால் 22 சதவீதம் கூடியது. முதல் இரண்டு வருடத்தில் உயரம் வேகமாக வளர்ந்தவர்களுக்கு உயர் அழுத்த வாய்ப்பு 12 சதவீதம் கூடுதல் என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனால் அவர்கள் குட்டையாக நின்றுவிடும் வாய்ப்பு நான்கில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. பள்ளிப் படிப்பை முடிக்காமல் விடும் வாய்ப்பும் குறைந்தது. வரவும் செலவும் எழுதிப் பார்த்தால், இரண்டு வயதுக்கு முந்தைய வளர்ச்சியில் வரவுதான் மிச்சம்.

உடலுக்குள் நடப்பது

காரணங்களில் முதலாவதாகச் சொல்லப்படுவது சிறுநீரகம். ரத்தத்தை வடிக்கும் நெஃப்ரான்கள் கருவின் 36ஆவது வாரத்தோடு உருவாகி முடிந்துவிடும். பிறந்த பிறகு ஒன்றுகூடப் புதிதாக வராது. கருவில் ஊட்டம் குறைந்த குழந்தைக்கு அவற்றின் எண்ணிக்கை குறைவாக அமையும். மதகுகள் குறைந்த ஏரியில் வெள்ளம் வந்தால் கரை மீது அழுத்தம் ஏறுவது போல, பின்னாளில் உடல் பருத்து ரத்த ஓட்டம் கூடும்போது அந்தச் சில நெஃப்ரான்கள் மீது பாரம் விழுகிறது. ரத்தக் குழாய்க்கு நெகிழ்வு தரும் எலாஸ்டின் புரதமும் கருவிலும் பிறந்த சில மாதங்களிலும்தான் பெரும்பாலும் படிகிறது. ஐதராபாத்தில் குழாய் விறைப்பு குறைந்திருந்ததை இதோடு வைத்து யோசிக்கலாம்.

அளவையும் மிகைப்படுத்தக் கூடாது. பிறப்பு எடையில் ஒரு கிலோ வேறுபாட்டுக்குப் பிற்கால மேல் அழுத்தத்தில் சுமார் 2 புள்ளிகள் அல்லது அதற்கும் குறைவாகத்தான் வித்தியாசம். உப்பும் இன்றைய எடையும் அதைவிடப் பெரியவை. சவலையாக வளர்ந்தவருக்கெல்லாம் பிரஷர் எழுதி வைத்ததில்லை.

நம் ஊருக்கு

தமிழ்நாட்டில் இந்த இரு வயதுகளுக்கும் இரண்டு தனித் திட்டங்கள் கிட்டத்தட்ட ஒரே காலத்தில் தொடங்கின. 1980இல் உலக வங்கி உதவியோடு வந்த ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் 6 முதல் 36 மாதக் குழந்தைகளை மாதந்தோறும் எடை பார்த்தது. எடை ஏறாமல் தேங்கிய குழந்தைக்கு மட்டும் துணை உணவு கொடுத்து, தேறியதும் நிறுத்தியது. 1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளின் பசியைத் தீர்த்தது. முதலாவது இன்று அதிகம் நினைவுகூரப்படுவதில்லை. ஆனால் தில்லியும் ஐதராபாத்தும் சேர்ந்து சொல்வதை அது முன்கூட்டியே செயலில் காட்டியிருக்கிறது: சீக்கிரம் கொடு, தேவைப்படும் குழந்தைக்குக் கொடு, அளந்து கொடு.

ஆகவே ஒப்பாய்வின் முடிவு இது. பிரஷர் பயத்தில் கர்ப்பிணியின் உணவிலோ கைக்குழந்தையின் சத்துமாவிலோ கை வைக்கக் கூடாது. இரண்டு வயதைத் தாண்டிய பிள்ளையிடம் எடை மட்டும் பார்த்து மகிழ்வதும் போதாது. உயரத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். உயரம் ஏறாமல் எடை மட்டும் ஏறினால் அது தேறுவதின் அடையாளமாகாது. பிஸ்கட் பாக்கெட்டும் பாட்டில் குளிர்பானமும் கொடுத்து ஒல்லிப் பிள்ளையைப் பூசினாற்போல ஆக்குவது நன்மை செய்வதாகாது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். தாய்-சேய் நல அட்டையையும் அங்கன்வாடி எடைக் குறிப்பையும் தடுப்பூசி முடிந்ததும் தூக்கிப் போடாதீர்கள்; பிள்ளைகள் வளர்ந்த பின் அவர்களிடமே ஒப்படையுங்கள். எடை குறைந்து பிறந்தவர் என்று தெரிந்தால், முப்பது வயதிலிருந்தே ஆண்டுக்கொரு முறை ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அரசு மருத்துவமனையில் அதற்குக் காசு கிடையாது.